அப்பாதான் வெட்டி

காப்பீட்டு முகவருக்கு வாய்தான் மூலதனம். கல்லுக்குண்டு மாதிரி இருப்பவனிடம் போய் அவன் சாவைப் பற்றியே பேசி, அவனையே சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட வைக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவரை மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவர் ஆக்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பள்ளியில் விவாத மன்றம் தொடங்கினார்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு விவாதம் ஒரு கேடா என்று சில பெற்றோர் முணுமுணுத்ததால், அவர்கள் வாயை அடைக்க முகவரை மேடையேற்றினார்கள். விவாதத்தின் நன்மைகளை விளக்கிய அந்தக் கூட்டத்தில் மாற்றுக் கருத்துச் சொல்ல யாருக்கும் மைக் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முகவர் வெளுத்துக் கட்டினார். "விவாதம் செய்து பழகிய குழந்தை அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும்! எதிராளியின் இடத்தில் நின்று பார்க்கும்! பேசாதே, பேசாதே என்று அதட்டி வளர்த்த பிள்ளைதான் நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டும்!" அரங்கம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த அவர் மனைவியும் கை தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. மகள் பிறப்பதற்கு முன்பு அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் திறந்த கூடத்தில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஒரு வாரமாக அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் முகவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அந்தப் பேச்சே எடுக்காதே. வீட்ல வெட்டியாத்தானே இருக்கே, நிம்மதியா இரேன்." அப்படி அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த வெட்டி ஆள் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டோ, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டோ இருந்தாள்.

சாயங்காலம் மகள் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக வந்து வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் வகுப்பு. வீட்டில் செல்லப் பெயர் வாயாடி.

"டீச்சர் வீட்ல ஒரு விவாதம் நடத்திட்டு வரச் சொல்லிருக்காங்க. நான்தான் நடுவர். அம்மா, நீ ஒட்டி. அப்பா, நீங்க வெட்டி."

முகவருக்குச் சுருக்கென்றது. "யாரைப் பாத்து வெட்டிங்கறே?"

"ஒட்டிப் பேசறவங்க ஒட்டி. வெட்டிப் பேசறவங்க வெட்டி. காலையில அவ்ளோ நேரம் பேசினீங்களே, இதுகூடத் தெரியாதா?"

சமையலறையில் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக மாறி அடங்கியது.

"சரி, தலைப்பு என்ன?"

"அம்மா வேலைக்குப் போகலாமா. வீட்ல நடக்கற விஷயமாத்தான் இருக்கணுமாம்."

காலையில் கைதட்டல் வாங்கிய மனிதர் சாயங்காலம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த மனைவி நாலு வார்த்தை சொல்லி உட்கார்ந்தாள். முகவர் எழுந்தார். வீடு சின்னாபின்னமாகும், பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகும், சாயங்காலம் பூட்டிய கதவு முன்னால் நின்று அழும் என்று விலாவாரியாகப் பேசினார். கரண்டி டம்ளரைத் தட்டியது.

"இப்ப ரெண்டு பேரும் கட்சி மாறணும்."

"கட்சி மாறறதையெல்லாம் இந்த வயசுலேயே சொல்லிக் குடுத்துடறாங்களா?"

"இதுதான் ரூல். அம்மா, இப்ப நீதான் வெட்டி."

"அது எனக்குப் பழக்கம்தான்," என்று மனைவி எழுந்தாள். "நடுவர் அவர்களே, நான் வேலைக்குப் போகவே கூடாது. போனா இந்த மனுஷன் ஒரு நாள் தாங்க மாட்டார். முட்டை வேக வைக்கத் தெரியாது. தன் சாக்ஸ் எங்கே இருக்குன்னு தெரியாது. பெத்த பொண்ணுக்கு ஒரு பின்னல் போடத் தெரியாது. பாவம், கையாலாகாத மனுஷன். அவரை இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போக எனக்கு மனசு வராது."

முகவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதுவும் பெற்ற மகள் கரண்டியோடு உட்கார்ந்து கேட்கிறாள்! துள்ளி எழுந்தார்.

"முட்டை வேக வைக்கறது என்ன பெரிய வித்தையா? பின்னல் ஒரே நாள்ல கத்துக்குவேன்! சாயங்காலம் நாலு மணிக்கு நான் சும்மாத்தான் ஊர் சுத்தறேன், பிள்ளையக் கூட்டிட்டு வர எனக்கு என்ன கேடு? இவ படிச்ச படிப்பு என்ன சாதாரணமா? ஒரு சொட்டு ரத்தத்தப் பாத்து ஒரு மனுஷனுக்கு என்ன நோய்னு சொல்றவ. அவளைக் கொண்டுவந்து எனக்குச் சட்டை தேய்க்க வெச்சுட்டு, வெட்டியா இருக்கேன்னு வேற சொல்றது அநியாயம் இல்லையா?"

வாய் பாட்டுக்கு ஓடிவிட்டது. மனசு மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. மனைவி முட்டையையும் சாக்ஸையும்தான் எதிர்பார்த்திருந்தாள், கடைசியில் வந்ததை எதிர்பார்க்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்பா ஜெயிச்சாச்சு!" என்று டம்ளரைத் தட்டினாள் மகள்.

"நான் தோத்துட்டேன்பா," என்று மனைவி கைப்பேசியை எடுத்தாள். "சார், திங்கக்கிழமை வந்து சேந்துடறேன்."

"ஏய், ஏய்! அது சும்மா போட்டிக்காகப் பேசினது!"

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நீங்க சொன்னதுல எதுப்பா பொய்?"

முகவர் யோசித்துப் பார்த்தார். முட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். இன்றைக்குப் பார்த்து ஒரு பொய்கூடச் சொல்லித் தொலைக்கவில்லையே என்று இருந்தது. மனைவியைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

"எதுவும் பொய் இல்லம்மா," என்றார்.

"அப்போ திங்கக்கிழமை எனக்கு ரெட்டைப் பின்னல்," என்று மகள் சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.