நிக்‌ஷா ஆடாத இறுதி ஆட்டம்

1

இந்தக் கதை எனக்கு எலுமிச்சம்பழத்தில் கிடைத்தது. போன வருஷம், 2009இல், பர்மாவில், யாங்கோனின் கியாக்டடா பகுதியில் நாங்கள் புதிதாகக் குடிவந்த கட்டடத்துக்கு எதிரே ஒரு காலை. மிக உயரமான வெள்ளைக்காரர் ஒருவர், முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்ட கைலியோடு, தெருவிலிருந்து எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக மேலே எறிந்துகொண்டிருந்தார். இரண்டாம் மாடி பால்கனியில் அவர் மனைவி கமலாட்சி கூடையை நீட்டிப் பிடித்திருந்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. (மற்றவர்களெல்லாம் கயிறு விட்டுத்தான் சாமான் ஏற்றுவோம்.)

அன்று மாலையே போய், உங்கள் கதையை எழுதலாமா என்று கேட்டேன். கணவர் நிக்‌ஷா உடனே சரி என்றார். எழுத எழுதத் தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள் கமலாட்சி. ஒத்துக்கொண்டேன். எழுதுகிறவர் யாரும் செய்யக் கூடாத காரியம்.

2

முதல் தொடக்கம்: "அட்ரியாட்டிக் கடலின் நீல அலைகள்..." வேண்டாம். நான் அந்தக் கடலைப் பார்த்ததில்லை.

இரண்டாவது: "யுத்தம் அவரை நாடோடியாக்கியது, அந்த யுத்தம்..." இதை நிக்‌ஷாவே வேண்டாம் என்றார். சொந்த ஊரில் குண்டு விழுந்தபோது அவர் இத்தாலியில் ஆடிக்கொண்டிருந்தாராம். பல நாள் அம்மாவுக்கு போன் கிடைக்கவில்லை. பிறகு கிடைத்தது.

மூன்றாவது, நேராகவே சொல்கிறேன்: நிக்‌ஷா குரோஷியாக்காரர். கூடைப்பந்துதான் தொழில். இத்தாலி, கிரீஸ், துருக்கி, போலந்து, லெபனான், ஈரான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று ஒரே பையைத் தூக்கிக்கொண்டு சுற்றியவர். அத்தனை மொழியிலும் பந்து கேட்கத் தெரியும். அத்தனை நாட்டிலும் ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. இதைச் சொல்லும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

3

2004இல் அவரை யாங்கோனுக்கு வரவழைத்தவர் கமலாட்சியின் அண்ணன் பழனியப்பன். போட்டாதாங் படகுத்துறையில் கிடங்கு வைத்திருக்கும் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய சிறிய கிளப்புக்கு அவர்தான் மேனேஜர். பாங்காக் ஏஜென்ட் ஒருவர், நல்ல ஆட்டக்காரர், கொஞ்சம் வயசு என்றாராம். அந்தக் கொஞ்சம் முப்பத்தெட்டு.

ஆனாலும் நிக்‌ஷா பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நின்றது. துறைமுகக் கூலிகள் வேலை முடிந்த கையோடு மைதானத்துக்கு வந்தார்கள். கிளப் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது, அதையும் ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் கடைசியில்தான் நிக்‌ஷா குதித்து இறங்கும்போது வலது முழங்கால் மடங்கிக்கொண்டது.

கமலாட்சி பிசியோதெரபிஸ்ட். அண்ணன் அவரை அவளிடம் கூட்டிப்போனார்.

[இங்கே "அவளுடைய மென்மையான விரல்கள் பட்டதும்" என்று எழுதியிருந்தேன். கமலாட்சி நிறுத்தினாள். "ஜஸீலாக்கா, முட்டியை அமுக்கினப்ப அவர் போட்ட சத்தம் சூலே பகோடா கோயில் வரைக்கும் கேட்டுச்சு. அதை எழுதுங்க." எழுதிவிட்டேன்.]

உண்மையில், கமலாட்சியைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். ஊர் ஊராகச் சுற்றிய ஒருவருக்குக் கடைசியில் ஒரு பெண் என்பது ரொம்ப வசதியாக இருக்கிறது. எடுத்தும் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் கதையில் "கூடாது" என்று சொல்ல ஆளே இல்லை.

4

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், வலி தெரியாமல் ஊசி போட்டு இறக்கிவிடலாம் என்றார் பழனியப்பன். கூடாது என்றாள் தங்கை. தோற்றால் வியாபாரிகள் கிளப்பைக் கலைத்துவிடுவார்கள், பையன்களெல்லாம் எங்கே போவார்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். அவர் சொன்னதும் பொய் இல்லை.

கமலாட்சி நிக்‌ஷா பக்கம் திரும்பினாள்.*

"ஊசி போட்டா நாளைக்கு ஆடலாம். அப்புறம் மாடிப்படி ஏறுறதே கஷ்டம். எது வேணும்னு நீங்க சொல்லுங்க, கோ நிக்‌ஷா."

அவர் வலது காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"இதுவரைக்கும் ஊசி போட்டவங்க யாரும் என்னைக் கேட்டதில்லை," என்றார். "நான் ஆடலை."

(* அவர்கள் பேசியது பாதி பர்மியம், பாதி இங்கிலீஷ். தமிழாக்கியது நான். 'கோ' மட்டும் அவள் சொன்னபடியே. பர்மியத்தில் ஆண்களை மரியாதையாக அழைப்பது.)

5

மறுநாள் நிக்‌ஷா காலில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினார். பையன்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. கை காட்டிய இடத்துக்கு ஓடினார்கள். ஜெயித்தார்கள்.

[“நிக்‌ஷாவின் கண்கள் கலங்கின” என்ற வரியையும் கமலாட்சி அடித்துவிட்டாள். அழுதது அவளுடைய அண்ணனாம்.]

கோப்பையில் தேநீரை ஊற்றி எல்லோரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வாழ்க்கையில் கிடைத்த ஒரே கோப்பை, அதுவும் ஆடாத ஆட்டத்தில்.

ஒப்பந்தம் முடிந்தது. சைப்ரஸிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. கிளம்புகிற நாள் காலையில், கமலாட்சி வீட்டுக்கு, செங்குத்தான இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வந்து கதவைத் தட்டினார். யார் ஏறச் சொன்னது என்று கமலாட்சி திட்டினாள். அண்ணனிடம் மனப்பாடம் செய்து வந்த தமிழில் அவர் கேட்டார்:

"இங்க வாடகைக்கு வீடு கெடைக்குமா?"

கீழ்மாடியாகப் பார்க்கச் சொன்னாள். பார்த்தார், கிடைத்தது, ஒரு வருஷம் இருந்தார். பிறகு கல்யாணம் ஆகி இரண்டாம் மாடிக்கே வந்துவிட்டார். படி ஏறும் அளவுக்கு முட்டியைத் தேற்றியது அவள்தான். கிளப் கலையவில்லை. இப்போது அங்கே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

6

நேற்று இதுவரை வாசித்துக் காட்டினேன். சரியாக இருக்கிறது என்றாள் கமலாட்சி. நிக்‌ஷா தயங்கித் தயங்கிக் கேட்டார்: தான் கடைசி ஒரு நிமிஷம் மட்டும் ஆடியதாக எழுத முடியுமா?

நான் கமலாட்சியைப் பார்த்தேன்.

"எழுதுங்கக்கா," என்றாள். "கதையில முட்டி வலிக்காது."

ஆக: கடைசி நிமிஷம். ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். நிக்‌ஷா காலில் கட்டிய ஐஸை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுகிறார். கூட்டமும் எழுகிறது. பந்து அவர் கைக்கு வருகிறது. அவர் குதித்து...

நான் என் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட எறிந்ததில்லை. இனி, வாசிக்கிற நீங்கள் எழுதுங்கள். நிக்‌ஷா எதிர் நாற்காலியில் கண்ணை மூடிக் காத்திருக்கிறார்.