சனிக்கிழமைக் கூடை

எங்கள் பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது என் மனைவி. வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காலையில் எழுந்ததும் எல்லா அறைகளையும் ஒரு சுற்று சுற்றுவார். ஒவ்வொரு சாமானாக மோந்து பார்ப்பார். எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு போய் நாற்காலியில் ஏறித் தூங்கிவிடுவார். இந்த உத்தியோகத்துக்கு மூன்று வேளைச் சாப்பாடு. பதவியை முன்னிட்டு நான் அவரை மரியாதையாகவே குறிப்பிடுவது வழக்கம்.

மேனேஜருக்குப் பதினோரு வயது. அதில் ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார். நானும் மனைவியும் பிரிந்தபோது கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் அரை மணி நேரத்தில் பிரிந்துவிட்டன. பூனையைப் பிரிக்க வழி தெரியவில்லை. அதனால் ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடை கைமாறும்.

பிரிந்ததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. "உங்ககிட்ட ஒரு விஷயத்தை நேராப் பேச முடியல. எதைச் சொன்னாலும் நக்கல்" என்றாள் ஒருநாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு விடுறேன்" என்றேன். அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இல்லை.

என் தொழிலையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். ஷீல்டும் கோப்பையும் செய்கிற கடையில் வாசகம் எழுதுகிறவன் நான். 'பண்பின் சிகரம்', 'சேவைச் சூரியன்' எல்லாம் நம் கைவரிசைதான். "எனக்கில்ல சார், ஒரு நண்பருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நண்பர் பேரைக் கேட்டால் தன் பேரையே சொல்வார்கள். இருபது வருஷம் இதைச் செய்தவனுக்கு நாக்கு நேராக இருக்குமா?

அவள் சட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஆயிரம் சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். என்னைக் கண்டுபிடிக்கத்தான் பதினாறு வருஷம் ஆயிற்று.

போன வருஷக் கடைசியில் மேனேஜர் வாந்தி எடுக்க ஆரம்பித்தார். பிறகு வயிற்றுப்போக்கு. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. நாலே முக்கால் கிலோ இருந்தவர் மூன்றரைக்கு இறங்கினார். தூக்கினால் முதுகெலும்பு கையில் மணிமணியாகத் தட்டுப்பட்டது. நாற்காலியில் ஏற இரண்டு தடவை முயற்சி செய்வார். மூன்றாவது தடவை, ஏற விருப்பமே இல்லாதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேனேஜர் அல்லவா.

விலங்கு மருத்துவர் ஒரு விசேஷ உணவு எழுதிக் கொடுத்தார். குடலுக்கு அடையாளமே தெரியாதபடி புரதத்தைச் சிதைத்துச் செய்ததாம். பார்ப்பதற்கும் மோந்து பார்ப்பதற்கும் மரத்தூள். "ஆறு வாரம் இது மட்டும்தான். ஒரு துளி பால்கூட வாயில படக்கூடாது. தினமும் நோட்டுல எழுதுங்க" என்றார்.

நோட்டு கூடையோடு சேர்ந்து பயணம் செய்தது. தேதி, நேரம், சாப்பாடு, வாந்தி, கழிவின் தன்மை ஒன்று முதல் ஏழு வரை. ஏழு என்றால் தண்ணீர். ஓரத்தில் அவள் குறிப்பு எழுதுவாள். 'இடது காதில் சிறு கீறல். பார்க்கவும்.' 'நேற்று ஜன்னலில் ஏற முயன்றான். நல்ல அறிகுறி.' காதலித்த காலத்தில்கூட அவள் எனக்கு இவ்வளவு எழுதியதில்லை. 'பார்க்கவும்' என்ற ஒரே சொல்லை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்பதை இங்கே எழுதினால் வெட்கக்கேடு.

சனிக்கிழமை பத்து நிமிஷம் வாசலில் நிற்பாள். பிரிந்ததிலிருந்து என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள். "மாத்திரையைப் பொடிச்சுக் கலந்துடாதீங்க சார், கண்டுபிடிச்சுடுவான்." சொல்லிவிட்டுப் போவாள். கூடையின் கைப்பிடியில் அவள் கைச்சூடு கொஞ்ச நேரம் இருக்கும். கூடையை நான் உடனே கீழே வைப்பதில்லை.

பிறகு மேனேஜர் வெளியே வருவார். என் வீட்டை ஒரு சுற்று சுற்றுவார். மரத்தூளை மோந்து பார்ப்பார். வாசலுக்குப் போய், மூடிய கதவைப் பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்க இந்த வீட்டில் ஒருத்தன் போதாதா?

முதல் வாரம் இரண்டாம் நாள் அந்த முதுகைப் பொறுக்க முடியாமல், எனக்கென்று வேகவைத்த மீனில் நகத்தளவு பிய்த்து நீட்டினேன். திரும்பினார். இரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவர் அப்படித் திரும்பியது அதுதான் முதல் தடவை. மறுநாள் நகத்தளவு விரலளவாயிற்று. அதற்கு மறுநாள் கிண்ணத்தில் பால். நோட்டில் என் அழகான கையெழுத்தில் 'மருத்துவ உணவு மட்டும்' என்று எழுதினேன். பொய்யை நன்றாக எழுதிக் கொடுப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

ஆறு வாரம் முடிந்து இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவரின் மேஜையில் தங்க எழுத்தில் ஒரு ஷீல்டு: 'வாயில்லா ஜீவன்களின் வாழ்வொளி'. கீழே, 'அன்பு நண்பர்கள்'. வாசகம் என்னுடையது. ஆர்டர் கொடுக்க வந்த நண்பர்கள் அவர் ஒருவர்தான். என்னை அவருக்கு ஞாபகமில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

நோட்டைப் புரட்டினார் வாழ்வொளி. "பிரமாதமா எழுதியிருக்கீங்க. இப்படி ஒரு நோட்டை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல. ஒரு வாரம் நாலுக்கு இறங்குது, அடுத்த வாரம் ஏழுக்கு ஏறுது. ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது. ஆக, உணவுல கேக்கல."

"அப்படின்னா?" என்றாள் அவள்.

"ஸ்கேன்ல குடல் சுவர் தடிச்சிருக்கு. நாள்பட்ட குடல் அழற்சியா இருக்கலாம், புத்துநோயாவும் இருக்கலாம். படத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வயித்தைத் திறந்து, குடல்ல மூணு எடத்துல துணுக்கு எடுத்து அனுப்பினாத்தான் முடிவு சொல்ல முடியும்."

"தாங்குவானா?"

"வயசாச்சு, எடை இறங்கிப் போச்சு. ரத்தத்துல புரதமும் கம்மி." அவர் ஷீல்டை ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தார். "உள்ளே போடுற தையல் சேராமப் பிரியறதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு."

தையல் என்றதும் அவள் நிமிர்ந்தாள். "நூத்துக்கு எத்தனை பிரியும்?"

"சொல்ல முடியாதும்மா. பிரிஞ்சா பிழைக்கிறது கஷ்டம்."

சம்மதப் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்றார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம், நடுவில் கூடையோடு. அவள் படிவத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாள். பூனையின் வயிற்றை வெட்ட வேண்டும் என்பதற்கு ஒரே காரணம் அந்த நோட்டில் என் கையெழுத்தில் இருந்த பொய் என்பது அந்தக் கட்டடத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கூடைக்குள் இருந்தார். அவர் வாயில்லா ஜீவன்.

சொன்னால் கத்தி இல்லை. ஆனால் சொன்ன பிறகு எந்தப் பைத்தியக்காரி பூனையை என் வீட்டுக்கு அனுப்புவாள்? கூடை போகும், கூடவே சனிக்கிழமையும் போகும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல், கூடையின் கம்பிக் கதவைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "இவனுக்கு ஏதாவது ஆயிட்டா, சனிக்கிழமை பத்து மணிக்கு நான் என்ன சார் பண்றது?"

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு ஜீவன் எலும்பும் தோலுமாகக் கிடக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பேனாவை மூடிப் பெஞ்சில் வைத்தேன்.

"நான் மீன் குடுத்தேன்."

"என்ன?"

"மீன். பாலும். தினம். என் வீட்டுல இருந்த எல்லா நாளும்."

"நோட்டுல மருத்துவ உணவுன்னு..."

"பொய். என் வேலையே அதுதானே, நோட்டுன்னு வந்துட்டா நமக்கு..."

"இப்பவுமா?" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். கூடைக்குள் மேனேஜர் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

"ஏன்?" என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் நாலைந்து நல்ல பதில்கள் இருந்தன. எல்லாமே சிரிப்பு வரக்கூடியவை. "என்னைத் திரும்பிப் பார்க்கல. கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான்" என்றேன்.

அவள் படிவத்தை நாலாக மடித்தாள். நடுவில் ஒரு கோடு கோணலாக விழுந்தது. பிரித்து மறுபடி மடித்தாள். எழுந்து மருத்துவர் அறைக்குள் போனாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

மருத்துவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் பூர்வோத்தரத்தை இழுப்பார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "நல்லவேளை சார். இந்த உடம்பைத் திறக்க எனக்கே பயமாத்தான் இருந்தது." ஒளி எதுவும் இல்லாத, தூக்கம் கெட்ட முகம். என் இருபது வருஷ அனுபவத்தில் ஷீல்டு வாங்கிய ஒருவர் 'பயம்' என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"புத்துநோய் இல்லன்னு நான் சொல்லல. அதை மனசுல வச்சுக்கங்க. மூணு வாரம் பார்ப்போம். ஒரே வீடு, ஒரே கை, ஒரே சாப்பாடு. அதுலயும் கேக்கலன்னா திறந்துதான் ஆகணும். எந்த வீடு?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவங்க வீடு" என்றேன்.

வீட்டில் மேனேஜரின் கழிவுக்கு வைத்திருந்த மணல்தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மேனேஜருடைய ரோமம் நாற்காலியில் இருந்தது. அதை நான் தட்டவில்லை. எங்கள் கடையில் ஓய்வுபெற்றவர்களின் நாற்காலியைக்கூட இவ்வளவு நாள் யாரும் விட்டுவைத்ததில்லை.

அக்கா போன் செய்தாள். "பூனையை அவகிட்டயே விட்டுட்டியாமே. அப்ப வீட்டுல யாருடா?"

"நான்தான்க்கா."

"அதான் கேக்குறேன், வீட்டுல யாரு?"

ஐந்தாம் நாள், கடையில் யாரோ ஒரு 'கல்விக் கலங்கரை'க்கு வாசகம் யோசித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. மணலில் மூன்று உருண்டை. ஓரளவு உருவத்தோடு, தனித்தனியாக, கண்ணியமாகக் கிடந்தன. கீழே, நோட்டுக் கணக்கில், ஒரே எண்: '3'. திட்டும் இல்லை, விசாரிப்பும் இல்லை. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் அவள் கட்டைவிரல் தெரிந்தது. அதையும் பெரிதாக்கினேன். கடைக்கு வந்த கலங்கரை எட்டிப் பார்த்து, "என்ன சார் அது, டிசைனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

'சந்தோஷம்' என்று பதில் எழுதினேன். எழுத நினைத்தது இரண்டு பக்கம்.

அதன் பிறகு நாள்தோறும் ஒரு படம் வந்தது. எடை மூன்றே முக்கால் ஆயிற்று. மூன்று வாரம் முடிந்து போனபோது மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். தடிப்பு குறைந்திருந்தது. "நோய் போயிடலை, அடங்கியிருக்கு. தினம் ஒரு சின்ன மாத்திரை, வாழ்நாள் முழுக்க இதே சாப்பாடு. இனிமே வீடு மாத்த வேணாம்" என்றார். ஷீல்டைப் பார்த்தேன். வாசகம் நான் நினைத்த அளவுக்குப் பொய்யில்லை. வெளியே வந்ததும் அவள் கூடையைத் தன் பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இனி அதன் கைப்பிடிக்கு ஒரே கைதான்.

படங்களும் நின்றன. நல்ல வயிற்றை யார் படம் எடுப்பார்கள்? நோய்க்காரனின் வீட்டில்தான் நோட்டு இருக்கும். மேனேஜர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன், நன்றாக இருப்பதன் அமைதியைத் தாங்க முடியாமல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படங்கள் நின்றபின் நாலாவது சனிக்கிழமை பத்து மணி. நான் குளித்து, சட்டை மாற்றி, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். உடம்புக்குப் பழக்கம். போன் அடித்தது.

"என்னங்க, இவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கான்."

"இன்னிக்கா?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும். சரியாப் பத்து மணிக்கு. சாப்பாடு வச்சாலும் திரும்ப மாட்டேங்கறான். எனக்கு முதுகைக் காட்டிட்டு ஒரு மணி நேரம். நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல."

நாக்கு நுனியில் மூன்று வாசகங்கள் வரிசையில் வந்து நின்றன. மூன்றையும் திருப்பி அனுப்பினேன்.

"எனக்கும் அவனைப் பார்க்கணும்போல இருக்கு" என்றேன். "உன்னையும்."

வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"வாங்க" என்றாள். "வெறுங்கையோட வாங்க."

யார் வீட்டுக்கும் அப்படிப் போய்ப் பழக்கமில்லை. ஒரு பழம், ஒரு பிஸ்கட் பொட்டலமாவது இருக்கும். சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். போகிற வழியெல்லாம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவளே கதவைத் திறந்தாள். வழியை விடவில்லை.

"பாக்கெட்டு?"

வெளியே இழுத்துக் காட்டினேன். ஒரு கைக்குட்டை, ஒரு சாவி.

"கை?"

நீட்டினேன். இரண்டு கையையும் பிடித்துத் திருப்பினாள். முகத்தருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். அவள் காலுக்குப் பக்கத்திலிருந்து மேனேஜர் வந்தார். என் செருப்பை மோந்தார், திருப்தியில்லாத முகத்தோடு திரும்பி உள்ளே நடந்தார். சாப்பாட்டுக் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது.

ஆயிரம் சட்டையை அரை நாளில் பார்த்து முடிக்கிறவள், இரண்டு கையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.