பெட்டிக்காரர் செய்த கட்டில்

பெட்டிக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவரைத் தேடிச் சந்தோஷமாக வந்தவரும் கிடையாது. செய்வது சவப்பெட்டி, பின்னே யார் சிரித்துக்கொண்டு வருவார்கள்? மனிதர் என்னவோ கலகலப்பானவர்தான். தொழிலில் படு கெட்டி. டேப்பைத் தொடவே மாட்டார். படுத்திருப்பவரை ஒரு பார்வை பார்ப்பார், தலைக்கு இரண்டு விரல், காலுக்கு இரண்டு விரல் கூட்டிக்கொள்வார், அவ்வளவுதான். இதுவரை ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை என்று தானே ஜோக்கும் அடித்துக்கொள்வார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை. தன் கையால் செய்த சாமான் ஒன்றுகூடத் தன் வீட்டில் இல்லை. மனைவி விடவில்லை. பட்டறையிலிருந்து ஒரு ஆணி வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பா செய்து கொடுத்த மேஜையில் எழுதுவதைப் பார்த்தால் இவருக்கு வயிறெரியும். அதனால் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் வாங்கலாம் என்ற பேச்சு வந்ததுமே, நானேதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மனைவி முறைத்துப் பார்த்துவிட்டு, மூன்று நிபந்தனையோடு இறங்கி வந்தாள். மரம் புதிதாக வாங்க வேண்டும். வேலை வீட்டுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும். முடித்ததும் அவள் மனசுக்கு ஒப்பவில்லை என்றால், மறுபேச்சில்லாமல் கடையில் இரும்புக் கட்டில். ஒப்பாமல் எங்கே போகும் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

மனிதர் இழைத்தார் பாருங்கள், பலகையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். முனைகளை எல்லாம் மழுக்கினார். மேல்தட்டில் தானே ஏறிக் குதித்துப் பார்த்தார். ஒரு கிறீச் சத்தம் இல்லை.

மெத்தை போட்டதும் மகள் மேலே ஏறினாள், சின்னவன் கீழே புகுந்தான். தலைக்கு இரண்டு விரல், காலுக்கு இரண்டு விரல். கனகச்சிதம்! அப்பாவுக்குப் பிடிக்குமே என்று மகள் கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, நேராக நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசற்படியில் நின்ற மனைவியின் முகம் வெளுத்துப்போனது.

"இவங்களை எப்ப அளந்தீங்க?"

தூங்கும்போது பார்த்து வைத்துக்கொண்டேன் என்றார், பெருமையாக.

"நீங்க அளக்கிறவங்க யாரும் அதுக்கு மேல வளர மாட்டாங்க. இதுங்க வளரும்ங்க."

முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். அப்புறம்தான் மகளைச் சரியாகப் பார்த்தார். தாவிப் போய் இரண்டு பேரையும் அள்ளிக் கீழே இறக்கினார். மனைவி இரும்புக் கட்டிலைப் பற்றி வாய் திறப்பதற்குள், இன்னும் ஒரே ஒரு தடவை செய்து பார்க்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டார்.

நீளப் பலகைகள் வந்து இறங்கின. ரம்பத்தைக் கையில் எடுத்தவருக்கு எங்கே அறுப்பது என்று தெரியவில்லை. இந்தக் கணக்கு அவருக்குப் பழக்கமில்லாத கணக்கு. நீ எவ்வளவு உயரம் வளருவாய் என்று மகளையே கேட்டார். உங்களைவிட உயரமாக என்று அவள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

உடனே அவர் தரையில் மல்லாந்து படுத்தார். பலகையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தலைக்கு மேலே தள்ளிக் கோடு போடு என்று மகளிடம் சாக்பீஸைக் கொடுத்தார். மனைவி பதறிக்கொண்டு ஓடிவந்தாள், இது என்ன கூத்து, முதலில் எழுந்திருங்கள் என்று.

"இரு. பெட்டியில முதல்ல படுக்க வேண்டியவன் நான்தானே? இதுங்க என் அளவைத் தாண்டட்டும்."

திட்ட வந்தவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, மகள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, மகள் போட்ட கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி அவளே இன்னொரு கோடு போட்டாள்.

புதுக் கட்டில் பாதி ஜன்னலை மறைத்தது. அலமாரிக் கதவு இப்போது முழுசாகத் திறப்பதில்லை. மகள் படுத்தால் காலடியில் இன்னொரு பிள்ளை படுக்க இடம் கிடந்தது. பெட்டிக்காரர் ஏணியில் நின்றபடி அந்தக் காலி இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை.