பிலோமினாள் டீச்சர் பெண் பார்த்த விதம்

பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஒரு ஜெபம் சொல்லச் சொல்வார்கள். திருநகர் பிலோமினாள் டீச்சர் மட்டும் ஒரு இருபடிச் சார்பை எழுதிக் கொடுத்து, அதன் வளைகோட்டைச் சரிபாதியாக்கும் சமச்சீர் அச்சைக் கண்டுபிடிக்கச் சொல்வார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தே ஓய்வு பெற்றவர். மகன் ஆல்பினுக்குப் பார்த்த ஒரு பெண் மைனஸ் குறியை விட்டுவிட்டாள். கவனம் போதாது என்று அந்த இடம் தட்டிப்போனது. இன்னொருத்தி விடையை வெறும் 3 என்று எழுதினாள். அச்சு என்பது ஒரு கோடு, அதை x = 3 என்று எழுதத் தெரியாதவள் எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று கேட்டுவிட்டு, டீச்சர் காபியைக் குடித்து முடித்துக் கிளம்பிவிட்டார்.

சமயநல்லூர் ஷெரினுக்கு இதெல்லாம் அத்துபடி. சொன்னவன் ஆல்பினேதான். வாடிப்பட்டி பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம் காதலாகி வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் சொன்னால் வீடு இரண்டுபடும் என்று பயந்து, சித்தி முறையில் ஒருத்தியைப் பிடித்து, புதிதாக வந்த சம்பந்தம் போல ஏற்பாடு செய்திருந்தார்கள். ஷெரின் மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியை. கணக்குக்குப் பத்தாம் வகுப்போடு பெரிய கும்பிடாகப் போட்டு வந்தவள்.

ஆல்பின் போனில் தைரியம் சொன்னான். “அம்மா எப்பவும் ஒரே கணக்குத்தான் கேக்கும். x² − 6x + 5. நடுவுல நிக்கிற நம்பரச் சுத்தி வட்டம் போடு. ஒரு அம்புக்குறி இழு. பாதியாக்கு, குறியத் திருப்பு. x = 3. அம்புட்டுத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாயும் மகனும் வந்தார்கள். ஷெரினின் அப்பா மைக்கேல்ராஜ் கேசரித் தட்டுகளை நீட்டி உபசரித்தார். ஆல்பின் அவளை முதல் தடவை பார்ப்பவன் போலப் பார்த்தான். அந்த நடிப்பு சகிக்கவில்லை.

டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். “பழைய கணக்க மாத்திட்டேன். போன இடத்துல ஒரு புள்ள நான் கேக்குறதுக்குள்ள விடையச் சொல்லிருச்சு. கேள்வி லீக் ஆயிருச்சு போல.”

தாளில் 2x² − 12x + 7 என்று இருந்தது. தலைமாட்டில் நிற்கும் அந்த 2 எதற்கு என்று ஷெரினுக்கு விளங்கவில்லை. ஆல்பினைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதா மேல் பாரத்தைப் போட்டு −12ஐச் சுற்றி வட்டம் போட்டாள், அம்புக்குறி இழுத்தாள், பாதியாக்கினாள், குறியைத் திருப்பினாள். x = 6 என்று எழுதிக் கொடுத்தாள்.

டீச்சர் விடையைப் பார்க்கவேயில்லை. வட்டத்தைத்தான் பார்த்தார்.

“இத யாரு சொல்லிக் குடுத்தா?”

“நானாத்தான் போட்டேன், டீச்சர்.”

“பேப்பர் திருத்தித் திருத்தியே எனக்குக் கண்ணு போச்சு. மைனஸ விட்டவனப் பாத்திருக்கேன். ரெண்டால வகுக்காம விட்டவனப் பாத்திருக்கேன். வட்டம் போட்டு, அம்பு விட்டு, முன்னால நிக்கிற நம்பரத் திரும்பியே பாக்காதவன் ஒருத்தனத்தான் பாத்திருக்கேன். அவன நான்தான் பெத்தேன்.” டீச்சர் மகன் பக்கம் திரும்பினார். “எம்புட்டு நாளாடா பழக்கம்?”

மைக்கேல்ராஜுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

எல்லாம் போயிற்று என்று ஷெரினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இத்தனை வருஷக் காதல் ஒரு ஆறால் போகிறதென்றால், அந்த ஆறு தப்புத்தானா என்றாவது தெரிய வேண்டாமா?

“இருங்க டீச்சர்” என்று தாளைத் திரும்ப வாங்கினாள்.

சமச்சீர் என்றால் இரண்டு பக்கமும் ஒத்திருப்பது. அந்தச் சொல்லாவது தமிழ் டீச்சருக்குத் தெரியும். ஆறு நடுவென்றால், அதிலிருந்து சம தூரத்தில் நிற்கிற பூஜ்யத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே மதிப்பு வரவேண்டும். பூஜ்யத்தைப் போட்டாள். 7 வந்தது. பன்னிரண்டைப் போட்டாள். பெருக்கிக் கூட்டிக் கழித்ததில் 151 வந்தது. ஏணி வைத்தாலும் எட்டாது. ஆறையே போட்டுப் பார்த்தாள். 7. அப்படியானால் பூஜ்யத்துக்கு ஜோடி ஆறுதான். இரண்டுக்கும் நடு மூன்று.

“x = 3” என்று ஷெரின் சொன்னாள். அதோடு நடிப்பும் மறந்து ஆல்பின் பக்கம் திரும்பினாள். “ஏங்க, முன்னாடி ஒரு நம்பர் நின்னா ஒங்க குறுக்குவழி செல்லாதுன்னு சொல்ல மாட்டீங்களா? இத நம்பி வந்து உக்காந்தேனே!”

“பரீட்சையில அப்படியெல்லாம் வராது, ஷெரின்.”

“வந்துச்சு” என்றார் டீச்சர். “அதுலதான் ஒனக்குச் சென்டம் போச்சு. கணக்கு டீச்சர் மகனுக்கே சென்டம் இல்லன்னு ஸ்டாஃப் ரூம்ல தலைகுனிஞ்சு உக்காந்திருந்தேன்.”

“நான் போட்டதுதாம்மா சரி” என்றான் ஆல்பின். “பேப்பர் திருத்துனவரு தூங்கிட்டாரு.”

ஷெரின் தலையில் அடித்துக்கொண்டாள். டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

“இங்கிட்டு வந்து உக்காருத்தா. இவங்க அப்பா போனதுல இருந்து இந்தப் பயலோட ஒத்தையாத்தான் மல்லுக்கட்டுறேன். ஏன்னு கேக்க ஒரு நாதி கெடையாது.”

ஷெரின் போய் உட்கார்ந்தாள். மைக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார். “அப்ப எங்க புள்ள பாஸுங்களா, டீச்சர்?”

“பெயிலுதான் அண்ணே. மொதல்ல எழுதுன விடைக்குத்தான் மார்க்கு” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் டீச்சர். “கோயில்ல மூணு வாரம் கல்யாண ஓலை வாசிக்கணும்ல, எந்த ஞாயித்துக்கெழமையில இருந்து வாசிக்கச் சொல்லலாம்?”