பதிவேட்டில் பன்னிரண்டாவது பெயர்

அந்த சிகரெட் துண்டு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மறைத்து வைத்திருந்து, முடிவில் அழுது காட்டுகிற வேலை எனக்கு வேண்டாம். மறைத்ததெல்லாம் ஏற்கெனவே போதும்.

எரியோடு ஊருக்குப் போகிற சாலையில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். நான் அங்கே தொழிலாளர் நலப் பிரிவில் வேலை பார்த்தேன். பெயர் அறிவுச்செல்வி, வயது இருபத்தாறு, எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அம்மா பழனியம்மாள் இதே மாதிரி இன்னொரு மில்லில் பத்தொன்பது வருஷம் நின்று வேலை பார்த்தவள். உள்ளே போகும்போது தீப்பெட்டி இருக்கிறதா, வெளியே வரும்போது நூல் இருக்கிறதா என்று சேலைக் கொசுவம் வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் அவளை அனுப்புவார்கள். என்னை யாரும் தொடுவதில்லை. கழுத்தில் ஆபீஸ் ஆட்களுக்கான நீல அட்டை தொங்கினால் வாட்ச்மேன் சல்யூட் வைப்பார். அந்த அட்டைக்காகத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அந்த அட்டையை மாட்டிக்கொண்டுதான் நான் கைப்பையில் சிகரெட்டை உள்ளே கொண்டுபோனேன்.

பழக்கம் சென்னையில் பிடித்தது. கால் சென்டரில் ஒரு வருஷம். மொட்டை மாடியில் நாலு பேர் நின்று குடிப்போம். மற்ற மூன்று பேரும் பையன்கள். ஊருக்கு வந்தால் அவன்கள் அப்பாவிடம் மட்டும் மறைத்தால் போதும். நான் உலகம் முழுவதிடமும் மறைக்க வேண்டும். ஆம்பளை குடித்தால் கெட்ட பழக்கம், பொம்பளை குடித்தால் கெட்ட பொம்பளை. இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் பஞ்சு குடோனுக்குப் பதினைந்தடி தள்ளி நின்று நான் தீக்குச்சி உரசியதற்கும் அந்த நியாயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பொறி போதும். உள்ளே அந்த ஷிப்டில் நூற்றி எண்பது பேர்.

இதில் கேவலம் என்னவென்றால், மில்லில் பீடி, சிகரெட்டை விடச் சொல்லி வகுப்பு எடுத்ததே நான்தான்.

சனிக்கிழமை தோறும் கேன்டீனில் அரை மணி நேரம். பதினோரு பேர் வந்தார்கள். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஆசை வந்துச்சுன்னா மூணு நிமிஷம், மிஞ்சிப்போனா அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல நிக்காது. அந்த நேரத்தத் தள்ளிவிட்டா போதும். ஒரு செம்பு தண்ணிய மெதுவாக் குடிங்க. மூச்ச இழுத்து விடுங்க. ரெண்டு கிராம்ப வாயில போடுங்க. கைக்கு ஏதாவது வேல குடுங்க."

"பொண்டாட்டி கோவம் மாதிரியா மேடம், அஞ்சு நிமிஷத்துல போயிருமா?"

"ஏலே, ஒம்பொண்டாட்டி கோவம் அஞ்சு நிமிஷத்துல போயிருமாக்கும்? குடுத்து வச்சவன்டா!" என்றார் பக்கத்திலிருந்தவர்.

சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. பிறகு டீயைப் பற்றிச் சொன்னேன். டீயும் பீடியும் புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வரும். முதல் மாதம் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள், மோர் குடியுங்கள் என்றேன். நிகோடின் கம் கொடுத்தேன். சும்மா சவைத்துத் தள்ளக் கூடாது, நாலு சவை சவைத்து, நாக்கில் சுருக்கென்று வந்ததும் வெற்றிலையை ஒதுக்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்க வேண்டும் என்று செய்தும் காட்டினேன்.

அப்போதுதான் செபஸ்தியான் எழுந்தார். நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷினில் அறுந்த இழைகளை ஒட்டுகிற வேலை. முப்பத்தாறு வயது. பதிமூன்று வயதிலிருந்து பீடி, நாளைக்கு ஒரு கட்டு.

"மேடம் சொல்றதப் பாத்தா அனுபவப்பட்ட ஆளு மாதிரில்ல இருக்கு!"

கேன்டீனே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. "உக்காருங்கண்ணே" என்று அதட்டினேன்.

அவர் விட நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகளுக்கு மே மாதம் சர்ச்சில் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிற பிள்ளை, "நீயும் எங்கூட வாங்கணும்ப்பா, ஆனா பீடி வாயோட வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டதாம். "அவ அம்மாகூட இப்பிடிக் கேட்டதில்ல மேடம்" என்றார்.

மெஷின் பக்கத்தில் செல்போன் கூடாது, மூன்று நிமிஷத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். கைக்கு வேலை கொடுங்கள் என்றுதானே நான் சொல்லியிருந்தேன். அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கீழே கிடக்கும் கழிவு நூலில் ஒரு முழம் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். ஆசை வரும்போது ஒரு முடிச்சு. அவசரமில்லாமல், இறுக்கி, நகத்தால் இழுத்து. முடிச்சு முடிவதற்குள் ஆசை அடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு நூல். முதல் நாள் நூலில் இருபத்தாறு முடிச்சு. முப்பதாம் நாள் நூலில் நாலு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கொண்டுவந்து காட்டுவார். நான் "சூப்பர்ணே" என்று சொல்லிவிட்டு, வகுப்பு முடிந்து குடோன் பின்னால் போய்ப் பற்றவைப்பேன்.

வகுப்புக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தேன். பெயர், பிரிவு, நாளைக்கு எத்தனை, எத்தனை வயதிலிருந்து, கடைசியாகக் குடித்த நாள், நேரம், இடம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் கை தேடுகிறது என்று தெரிந்தால்தானே அதைத் தவிர்க்க முடியும். எழுதத் தயங்கினார்கள். "இது ஒங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான். ஆபீசுக்குப் போகாது" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணிக்கு, வாட்ச்மேன் குடோன் பின்னால் அந்தத் துண்டைக் கண்டெடுத்தார். நான் பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போட்டது. செருப்பால் தேய்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மேனேஜர் காமராஜ் சார் என்னைக் கூப்பிட்டார். "அறிவு, யார் யாரு குடிக்கிறான்னு நீதான ஒரு நோட்டு வச்சிருக்க? எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கதவிலிருந்து அவர் மேசைக்குப் பன்னிரண்டு எட்டு இருக்கும். அந்தப் பன்னிரண்டு எட்டில் எங்காவது நின்றிருக்கலாம்.

பதினோரு பேரில் அந்த ஷிப்டில் நாலு பேர். அதில் அன்று காலை கழிவுப் பஞ்சு மூட்டையைக் குடோனில் போடப் போனவர் ஒருவர்தான். பாதையில் இருக்கும் கேமராவில் செபஸ்தியான் தெளிவாகத் தெரிந்தார். ஆபீஸ் பக்கத்துப் பாதையில் கேமரா கிடையாது. ஸ்டாஃபைப் படம் பிடிப்பது மரியாதையில்லையாம்.

மதியம் விசாரணை. நான்தான் எழுதினேன்.

"சார், நான் பீடி சார். சிகரெட்டெல்லாம் எனக்கு வெறுங்காத்து மாதிரி. அதுவும் விட்டு முப்பத்தஞ்சு நாளாச்சு. இந்தா பாருங்க." மடியிலிருந்து நூல்களை எடுத்து மேசையில் வைத்தார். முப்பத்தைந்து நூல். நாள் வாரியாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

மேனேஜர் ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தார். "முடிச்சுப் போட்டா சாட்சியாயிருமாய்யா? அது சரி, இது கம்பெனி நூலுதான? இத எப்பிடி வெளிய கொண்டு போன?"

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். "மேடத்துக்குத் தெரியும் சார். மேடம், சொல்லுங்க."

நான் எழுதினேன்: தொழிலாளி குற்றச்சாட்டை மறுத்தார்.

வேலை போய்விடும் என்று மட்டும் நான் பயப்படவில்லை. சிகரெட் குடிக்கிற பொம்பளை என்று ஊர் பேசும், அது அம்மா காதுக்குப் போகும் என்று பயந்தேன். அந்தப் பேச்சை எதிர்த்து ஆயிரம் தடவை மனதுக்குள் சண்டை போட்டவள்தான் நான். ஒரு தடவை நிஜமாகச் சண்டை வந்தபோது இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

சஸ்பெண்டு. அடுத்த திங்கட்கிழமை கடைசி விசாரணை, அன்றைக்கு டிஸ்மிஸ் கையெழுத்தாகும். சனிக்கிழமை வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. என் பதிவேட்டில் பெயர் எழுதினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று மேனேஜர் ஒரு யோசனை சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று செபஸ்தியான் எழுதிக்கொடுத்தால் வேலை தப்பும். நானே டைப் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். உதவி செய்யப் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ.

காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர் மனைவி ஜெஸ்ஸி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, காகிதத்தை வாங்கி வாசித்தார்.

"செய்யாதத செஞ்சேன்னுல்ல மேடம் எழுதியிருக்கு."

"கையெழுத்துப் போட்டா வேல இருக்கும்க்கா."

செபஸ்தியான் தரையில் உட்கார்ந்திருந்தார். "வேல இருக்கும். எம்புள்ளகிட்ட என்னத்தச் சொல்ல? அப்பன் முப்பத்தஞ்சு நாளும் பொய் சொன்னான்னா?"

ஜன்னலில் ஒரு பீடிக் கட்டு இருந்தது. பிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்ததை ஜெஸ்ஸி பார்த்துவிட்டார்.

"நேத்து வாங்கியாந்தாரு மேடம். குடிக்காமயே குடிச்சவன்னு பேரு வாங்கியாச்சு, இனி குடிச்சிட்டே வாங்குறேன்னாரு. கோயில்லருந்து வந்ததிலருந்து அதையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு."

செபஸ்தியான் கையில் ஒரு நூல் இருந்தது. வீட்டில் தைக்கிற நூல். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. அதில் முடிச்சு வைக்க இடமே இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று எழுந்து வந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், பாதி கட்டி நின்றுபோன ஒரு சுவரின் மறைவில் சிகரெட் பற்றவைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும். மூன்று நிமிஷம் காத்திருந்து பார்த்தேனா? இல்லை. பாதிக்கு மேல் இறங்கவில்லை. அந்த நூல் கண்ணிலேயே நின்றது.

திங்கட்கிழமை பதினோரு மணி. மேசையில் என் பதிவேடு, சாட்சியாக. செபஸ்தியான் கையெழுத்துப் போடாத கடிதத்தைத் திருப்பி வைத்தார். மேனேஜர், "அந்த நோட்டுல இவனப் பத்தி இருக்கறத வாசிம்மா" என்றார்.

நான் பேனாவை எடுத்துப் பதினோராவது பெயருக்குக் கீழே எழுதினேன். பிறகு வாசித்தேன்.

"பன்னிரண்டு. அறிவுச்செல்வி. நலப் பிரிவு. நாளைக்கு நாலு. இருபத்து மூணு வயசிலிருந்து. கடைசியா நேத்து சாயந்திரம், பஸ் ஸ்டாப் பின்னால. மில்லுக்குள்ள, போன செவ்வாய்க்கிழம, காலைல ஒம்பது அம்பது, கழிவுப் பஞ்சு குடோன் பின்னால."

வீரமாகவெல்லாம் சொல்லவில்லை.

மேனேஜர் செபஸ்தியானை வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். "ஏம்மா, பொம்பளப் புள்ள நீ. இது வெளிய போனா ஒனக்கு என்ன ஆகும்? அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போட்டுரு. அவன வேற காரணம் சொல்லி உள்ள சேத்துக்குறேன்."

"கிழிச்சா அவரு பேருதான் சார் மிஞ்சும். நோட்டீஸ் போர்டுல போடுங்க. துண்டு யாரோடதுன்னு போடுங்க."

இரண்டு மணிக்கு ஒட்டினார்கள். செபஸ்தியானை வேலைக்கு எடுத்தது ஒரு தாள், என்னை நீக்கியது இன்னொரு தாள். அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றுதான் முதல் தடவையாக வாட்ச்மேன் என் கைப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

கேட்டுக்கு வெளியே செபஸ்தியான் நின்றிருந்தார். "அண்ணே" என்றேன்.

"நான் நூல எடுத்து மேசைல வச்சப்ப நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீங்க மேடம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போயிருந்தது. அம்மா அடிக்கவில்லை. "எம்புட்டு நாளா?" என்று கேட்டாள். மூன்று வருஷம் என்றேன். பிறகு சொன்னாள்: "பத்தொம்பது வருசம் என்னயத் தடவிப் பாத்தாய்ங்க. ஒரு நாளும் எங்கிட்ட ஒண்ணும் இருந்ததில்லடி."

இன்றைக்குப் பதினாறு நாள் ஆகிறது. மூன்றாம் நாள்தான் மோசம். தலை வலித்தது, மலச்சிக்கல், கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிச்சல். நான் வகுப்பில் சொன்னதெல்லாம் நிஜம்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. தண்ணீர் வேலை செய்கிறது. கிராம்பு வேலை செய்கிறது. டீயை விட்டுவிட்டேன். நூலில் முடிச்சு மட்டும் போடுவதில்லை. அது அவருடையது.

நேற்று ஜெஸ்ஸி போன் செய்தார். மேடம் என்று கூப்பிடவில்லை.

"ஏம்மா, அந்தப் பீடிக் கட்டப் பிரிக்கவே இல்ல. கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுக்கப் போனாரு. பீடியத் திரும்ப வாங்குற கடை எந்த ஊர்லய்யா இருக்குன்னு வெரட்டி விட்டுட்டான். தண்ணில ஊற வச்சுக் குப்பையில கொட்டிட்டேன். அவரு ஒங்கிட்டச் சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"சரிக்கா."

"நீ விட்டாச்சா?"

"பதினஞ்சு நாளு."

"ம்" என்றார். போனை வைத்துவிட்டார்.