பாலத்துக்கு இப்பால் ஓட்டியவர் யார்

காலை பத்து மணிக்குக் கண்ணாடித் தகடுகள் ஏற்றிய லாரி கிடங்கு வாசலில் வந்து நின்றது. தகடுகளில் ஒரு கீறல்கூட இல்லை. நான்கு நாட்களாகக் கோழித்தூக்கம் மட்டுமே தூங்கி, முறை மாற்றி ஓட்டி வந்த ஓட்டுநர்கள் இருவரும் இறங்கினார்கள். ஒருவர் பனைமரம்போல் உயரம். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி, ஊரார் வாயில் கட்டையன்.

“பாலத்துக்கு அப்புறம் நல்லா ஓட்டினே மாப்ளே,” என்றார் உயரமானவர்.

“கிண்டலா மாமா? பாலம் வந்ததும் எழுப்புங்கன்னேன். நீங்க எழுப்பவே இல்லையே.”

“எழுப்பிட்டுத்தானேடா நான் போய்ப் படுத்தேன்?”

“அப்போ லாரி தானா வந்துச்சா? லாயம் தெரிஞ்சு திரும்புறதுக்கு அது என்ன குதிரையா?”

உயரமானவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றது. மீண்டும் லாரியில் ஏறிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் மைத்துனருக்குப் பிரேக்கே எட்டாது.

படுத்துக்கொண்டு ஒரு கனவு கண்டதாக எண்ணியிருந்தார். அதில் ஒரு பள்ளிக்கூட வாசல். பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை கடந்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

இறங்கி, லாரியின் முகப்பைக் கையால் தடவிப் பார்த்தார். வெறும் புழுதி. அதே வழியில் வந்து சேர்ந்த வேன்காரரை நிறுத்தினார்.

“அண்ணே, வழியில பள்ளிக்கூடத்துக்கிட்ட ஏதாவது…”

“ஏதாவதுன்னா?”

“கூட்டம் கீட்டம்?”

“ஒண்ணுமில்லையே. பசங்க விளையாடிட்டு இருந்தாங்க. ஏன், முகம் இப்படி வெளுத்திருக்கு?”

உயரமானவர் லாரிப் படியில் உட்கார்ந்தார்.

மேற்பார்வையாளர் காகிதத்தோடு வந்தார். “சரக்குதான் பத்திரமா வந்துடுச்சே, பிறகென்ன? அரை மணியில அடுத்த லோடு.”

“எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியலைங்க. தூங்காம இனி வண்டியைத் தொட மாட்டேன்.”

“அப்போ வேற ஆள் போடுவேன். அப்புறம் வேலைன்னு வந்து நிக்கக் கூடாது.”

“போடுங்க. அவரையும் தூங்கினாரான்னு கேட்டுட்டுப் போடுங்க.”

சாவியை மேற்பார்வையாளரின் உள்ளங்கையில் வைத்தார். மைத்துனரும் மாமாவின் பின்னே ஓய்வறைக்கு நடந்தார்.