காற்றைப் பிடித்துத் தொங்கிய அமைச்சர்

அமைச்சர் சர் ஆம்புரோஸ் விஷார்ட், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்த தம் அறையில், வலது கையால் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் தொங்கினார். கால்கள் கம்பளத்துக்கு ஒரு முழம் மேலே ஆடின. அடியில் மேசை போட்டார்கள். பாதம் அதை உணரவே இல்லை. இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கடலில் தள்ளுகிறீர்களே என்று அலறினார். அதன்பிறகு யாரும் தொடவில்லை, கரண்டியால் சூப் மட்டும் ஊட்டினார்கள்.

காரணம் ஊரறிந்தது. கார்ன்வால் கரையில் போர்த்கெவர்ன் என்ற மீன்பிடி ஊரின் வாரப் பத்திரிகையில் லவ்டே கர்னோ என்பவள் சாகசத் தொடர் எழுதிவந்தாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய கதை. கடத்தல்காரர்கள், வாள்சண்டை எல்லாம் உண்டு. வீரனுக்கு அமைச்சரின் பெயரையே வைத்திருந்தாள். வியாழன்தோறும் பத்திரிகை வெளிவந்ததும் வீரனுக்குப் பட்டது அமைச்சருக்கும் பட்டது: கன்னத்தில் வாள்கீறல், பூட்ஸ் நிறைய உப்புத்தண்ணீர். சபை பழகிப்போயிருந்தது. கடைசியாக வீரனைப் பாறை விளிம்பில் ஒரு கையால் தொங்கவிட்டு அவள் பேனாவை மூடிவிட்டாள்.

செயலர் டாப்ஸன் ரயிலேறிப் போய்க் கெஞ்சினார். அவள் மத்தி மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“கையை விட்டா கீழ கடல். புயல்ல போய்த் தூக்குற படகு எங்க ஊர்ல கிடையாது. இல்லாத படகை எப்படிங்க எழுதுறது?”

டாப்ஸனுக்குச் சுருக்கென்றது. மீட்புப் படகு மசோதாவை மூன்று வருடத்துக்கு முன் நாற்பது நிமிடம் பேசித் தோற்கடித்தவர் அமைச்சர்தான். கடலோரத்தான் நீந்தக் கற்றுக்கொள்ளட்டும் என்று கிண்டலடித்துக் கைதட்டும் வாங்கினார். அந்தக் குளிர்காலத்தில்தான் லவ்டேயின் தம்பி ஜோரி மூழ்கிப்போனான். சட்டமானால் போதும், எழுதித் தருகிறேன் என்றாள். டாப்ஸன் தந்தி அடித்தார்.

மசோதா புதன் மாலை மறுபடி வாக்குக்கு வந்தது. நடக்க முடியாத உறுப்பினர் கட்டடத்துக்குள் இருந்தால் வாய்ச்சொல்லே வாக்கு; அது பழைய வழக்கம். கொறடா வந்து நின்றபோது அமைச்சரின் சுண்டுவிரல் நழுவியிருந்தது. மிரட்டிப் பறிக்கிற வாக்கைத் தரமாட்டேன் என்று வீம்பு பிடித்தார். மோதிரவிரலும் நழுவியது. எண்ணிக்கை முடிய நான்கு நிமிடம். அப்போதுதான் அவர் முதன்முறையாகக் கீழே குனிந்து பார்த்தார்.

“கீழ ஒருத்தன் நீந்திட்டிருக்கான். ரொம்ப நேரமா நீந்துறான்.”

“ஐயா, வாக்கு?”

“அவனுக்கு நல்லா நீந்தத் தெரியுதுய்யா. அது பத்தல. ஆதரவுன்னு போடு.”

மசோதா ஒரே வாக்கில் ஜெயித்தது. செய்தி போனதும் லவ்டே எழுதினாள்; படகு இருவரைத் தூக்கியது என்று எழுதினாள். வியாழன் காலை அமைச்சர் முழங்கால்வரை நனைந்து கம்பளத்தில் விழுந்தார். ஜோரி திரும்பி வரவில்லை. ஆனால் அவன் மேல்சட்டை லவ்டேயின் வாசல் ஆணியில் நீர் சொட்டத் தொங்கியது. அவள் அதைக் கட்டிக்கொண்டு மதியம்வரை அழுதாள்.

மறுவருடம் படகு வந்தது. அது கடலில் இறங்கும்போதெல்லாம் அமைச்சரின் வலது கை தானாக மூடிக்கொள்ளும். பேச்சு பாதியில் நிற்கும். சபாநாயகர் காத்திருப்பார். எதிர்க்கட்சியும் இருமாமல் காத்திருக்கும். கை விரிந்ததும் யாராவது எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஏழு என்பார், சிலநாள் மூன்று என்பார். பிறகு பீர் வரியைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேசுவார்.